சேனைக்காரனும் கோப்பித் தோட்டமும்

பள்ளிக்கூடத்தில் காடழிவுக்குக் காரணம் எழுதச் சொன்னால் முதலில் 'சேனைப் பயிர்ச்செய்கை' என்றுதான் எழுதுவோம். புள்ளி கிடைக்கும். கோப்பி என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு வந்து, உணவகத்தில் 15 வருடமாகக் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறவனுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

சேனைக்காரன் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, ஒன்றிரண்டு போகம் குரக்கன் போடுவான். பிறகு பல வருடம் சும்மா விடுவான், காடு திரும்ப வளரும். சனம் பெருகினால் இந்த இடைவெளி குறைந்து காடு கெடும் என்பதும் உண்மைதான். ஆனால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடு, தரிசு, பயிரில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியது, இல்லையென்றால் நீ நிரூபி என்றது. ஆறப்போட்ட சேனை பார்வைக்குத் தரிசுதானே! கண்டிப் பக்கத்துக் கிராமத்தவனிடம் உறுதி எங்கே இருந்தது?

அந்த நாளில் மலைக்காடு ஏக்கர் 5 சிலிங். 1844இல்தான் 20 சிலிங் ஆனது. வாங்கினவர்களில் ஆளுநர் ஸ்டுவர்ட் மக்கென்சியும் ஒருவர். மேற்சொன்ன சட்டம் வந்ததும் அவருடைய ஆட்சியில்தான்.

வெட்டிய விதத்தைக் கேளுங்கள். சரிவில் கீழிருந்து மேலாக மரங்களைப் பாதிவரை கொத்தி விட்டுவிடுவார்கள். கடைசியில் உச்சியிலுள்ள பெரிய மரத்தை முழுதாகத் தறித்தால், அது கீழே உள்ளதில் விழ, அது அடுத்ததில் விழ, ஒரு சரிவே படுத்துவிடும். பிறகு தீ. இந்த வேலையைப் பல இடங்களில் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த நம் சனம் களை பிடுங்கி, பழம் பறித்து, வழியிலும் லயத்திலும் செத்தது. ('நம் சனம்' என்று இப்போது எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவர்களைச் சொன்னது 'தோட்டக்காட்டார்'.)

1869இல் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி முடிந்தது. காடு திரும்பவில்லை, தேயிலை ஏறியது. இடையில் 1873இல், கியூ தாவரவியல் தோட்டத்து ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5000 அடிக்கு மேல் காடு வெட்டத் தடை போட்டார்கள். கோப்பி நன்றாக வளர்ந்தது பெரும்பாலும் அதற்குக் கீழேதான், ஆகவே துரைமாருக்குப் பெரிய நட்டமில்லை. என்றாலும் ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் காடு இன்றைக்கும் மிஞ்சியிருப்பதில் அந்த உத்தரவுக்குப் பங்குண்டு.

சேனைக்காரனைப் பற்றிய பேச்சு மட்டும் மாறவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியதில் அவன்தான் காட்டை வீணாக்குகிறவன். நான் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியதும் அவர்களுடைய விடைதான் போலிருக்கிறது.