பஞ்சத்தின் முகமும் பஞ்சத்தின் காரணமும்: ஹூப்பரின் ஒளிப்படங்களும் திண்டுக்கல் சமவெளியும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தமிழர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் அதில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று அதைப் பற்றி எங்கே எழுதினாலும், எழுத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பவை பெரும்பாலும் ஒரே மனிதர் எடுத்த படங்கள்தான். மதராஸ் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர் (1837–1912) எடுத்தவை அவை. விலா எலும்பு எண்ணும்படி மெலிந்தவர்கள் குடும்பமாகவும் கும்பலாகவும் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் அவர்கள் யார், எந்த ஊர், எந்த மாதம், படம் எடுத்த மறுநாள் உயிரோடு இருந்தார்களா என்று கேட்டால் அந்தப் படங்களில் விடை இல்லை.

முன்பின் தெரியாத ஊருக்குள் பயணியாக நுழைந்து, மனத்தை உலுக்கும் காட்சியைப் படம் எடுப்பது தகுமா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எடுப்பவரின் மனச்சாட்சியோடு நிறுத்திவிடுகிறோம். அவர் உதவினாரா, கல்நெஞ்சோடு நின்றாரா என்று விசாரித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம். இந்த விசாரணை தேவைதான், ஆனால் போதாது. கருணை மிகுந்தவர் எடுத்த படமும் கருணையற்றவர் எடுத்த படமும் ஒரே பிழையைச் செய்ய முடியும். துன்பத்தின் முகத்தைக் காட்டிக்கொண்டே அதன் காரணத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் அந்தப் பிழை. இதை ஹூப்பரின் பஞ்சப் படங்களையும், ரயில் வந்த மறு ஆண்டே பஞ்சத்தைச் சந்தித்த திண்டுக்கல் சமவெளியையும் சேர்த்துப் பார்த்து நிறுவ முயல்கிறேன்.

முதலில் தொழில்நுட்பம். அன்று வழக்கில் இருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்னே கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்த் துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தாக வேண்டும். தகட்டைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ரசாயனப் புட்டிகள், தகட்டுப் பெட்டி, கூடாரம் என்று மூட்டை சுமக்க ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே இருப்பவர்கள் பல விநாடி அசையாமல் இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஹூப்பரின் படங்களில் எதுவும் வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்டு எடுத்தது இல்லை. மெலிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓரிடத்தில் கூட்டி, வரிசைப்படுத்தி, எலும்பு தெரியும்படி உடலைத் திறந்து வைத்து, அசையாதே என்று சொல்லித்தான் இவற்றை எடுத்திருக்க முடியும். நிற்கத் தெம்பில்லாதவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், உட்காரத் தெம்பில்லாதவர்கள் படுத்திருக்கிறார்கள். படம் எடுத்தபின் அவர்களுக்கு உணவுகூடத் தராமல் அனுப்பிவிட்டார் என்று ஹூப்பர்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. என் வாதத்துக்கு அது தேவையில்லை. தகட்டில் இருப்பதே போதும். படங்களில் ஒன்றுக்கு இட்ட தலைப்பு, இவர்கள் இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்கிறது. அது ஒரு அதிகாரியின் பேச்சு. யாருக்குக் கஞ்சி, யாருக்குக் கல்லுடைக்கும் வேலை என்று பிரித்துக்கொண்டிருந்த நிர்வாகம் எந்தக் கண்ணால் மக்களைப் பார்த்ததோ, அதே கண்தான் கேமராவுக்குப் பின்னாலும் இருந்தது. ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை லண்டனில் பல தொகுதிகளாக வெளிவந்த அரசு நூலுக்கு, சாதிக்கும் இனத்துக்கும் மாதிரியாக ஆட்களை நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தவர்களில் ஹூப்பரும் ஒருவர். பஞ்சத்திலும் அவர் கை அதே பழக்கத்தில்தான் இயங்கியிருக்கிறது. அவருக்கு எதிரே இருந்தது பசியின் மாதிரி. பெயருள்ள ஆள் அங்கே இல்லை.

ஹூப்பர் இதன் எல்லைக்கே போனது பர்மாவில். மூன்றாம் ஆங்கிலேய–பர்மியப் போருக்குப் பின், 1886இல் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் பொறுப்பில் இருந்தபோது, துப்பாக்கி வெடிக்கும் கணத்தைத் தகட்டில் பிடிக்க முயன்றார். படத்துக்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் வழியாகச் செய்தி வெளிவந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது, விசாரணை நடந்தது, கண்டனம் கிடைத்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: மாண்டலேயில் எடுத்த படத்துக்கு விசாரணை வந்தது, சென்னை மாகாணத்தில் எடுத்த படங்களுக்கு வரவில்லை. துப்பாக்கியால் நிகழும் சாவில் கொல்பவனும் சட்டகத்துக்குள் தெரிகிறான். பட்டினிச் சாவில் அவன் தெரிவதில்லை.

தெரியாமல் போனது எது என்பதைத் திண்டுக்கல்லிலிருந்து பார்க்கலாம். அன்று திண்டுக்கல் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1875இல். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கம்பும் சோளமும் வரகும் முளைத்த இடத்திலேயே கருகின. பஞ்சம் வந்தால் ரயில் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கும் என்பது அந்நாளைய அரசின் நம்பிக்கை. ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. அதை வாங்கும் காசு பெரும்பாலோரிடம் இல்லை என்பதும் உண்மை. விலை எங்கே அதிகமோ அங்கே சரக்கு போகும் என்ற சந்தை விதியில் தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. இங்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. வேலையும் சோறும் தேடி ராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளின் ஜனங்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள்.

நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் அனுப்பப்பட்டார். வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணா காசும் போதும் என்று அவர் முடிவு செய்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைத் தொடர்ந்து எதிர்த்தார். முகாம்களில் சாவுக் கணக்கைத் தொகுத்தார். அந்த அளவில் கல்லும் மண்ணும் சுமப்பவன் தேய்ந்து சாவான், குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்று வாதிட்டார். டெம்பிள் வகுத்த அந்தக் கூலி பின்னர் கைவிடப்பட்டதில் கார்னிஷின் கணக்குக்குப் பங்கு உண்டு. என் பார்வையில், அந்தப் பஞ்சத்தின் மிக முக்கியமான ஆவணம் இந்தக் கூலிப் படிக் கணக்குதான். ஹூப்பரின் படங்களில் இருக்கும் உடம்பை உருவாக்கியது மழையில்லாக் காலம் மட்டுமா, அரசாணையும் சேர்ந்தா என்ற கேள்விக்குக் கணக்குதான் பதில் சொல்கிறது. படம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதனால் பயணியின் கேமராவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. 1943 வங்கப் பஞ்சம் இதற்கு வலுவான எதிர்ச் சான்று. பஞ்சம் என்ற சொல்லையே அரசு தவிர்த்துவந்தபோது, கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் அந்த ஆகஸ்ட் மாதத்தில் தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி.சி. ஜோஷியோடு கிராமம் கிராமமாகப் போன இளைஞர் சுனில் ஜானா எடுத்த படங்கள் கட்சிப் பத்திரிகையில் வந்தன. ஓவியர் சித்தபிரசாத் வங்கத்துக் கிராமங்களில் வரைந்து வெளியிட்ட நூலின் பிரதிகளை அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஹூப்பரின் படங்களுக்கும் இவற்றுக்கும் என்ன வேறுபாடு? கோரத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஜானாவின் படத்துக்குப் பக்கத்தில் ஜோஷியின் கட்டுரை இருந்தது. எந்த வட்டாரம், அரிசி யார் கையில் பதுங்கியிருக்கிறது, அரசு என்ன செய்யவில்லை என்று அது பேசியது. அதிகாரத்துக்குப் பிடிக்காத இடத்தில் படம் நின்றது.

இடத்தைக் குறிப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. திண்டுக்கல்லுக்குப் பக்கத்து வட்டாரமே இதற்குச் சாட்சி. 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இதழ் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலையை அட்டைக் கட்டுரையாக வெளியிட்டது. அது சொல்லப்பட வேண்டிய செய்திதான். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்ததற்குப் பின்னால் இத்தகைய எழுத்துகளின் அழுத்தமும் இருந்தது. ஆனால் அதன்பின் ஆண்டுக் கணக்கில் வந்து போன கேமராக்களால் ஓர் ஊரின் பெயரே ஒரு குற்றத்தின் பெயராகிப் போனது. வரதட்சணை, நிலமில்லாமை, ஆண் வாரிசு ஆசை, ஊரெங்கும் ஸ்கேன் மையங்கள் என்று காரணங்கள் தமிழகம் முழுக்க விரிந்து கிடந்தன. படத்தில் விழுந்தது ஒரே ஒரு வட்டாரத்துத் தாய்மார்களின் முகம். காரணத்தை விட்டுவிட்டு இடத்தை மட்டும் சொன்னால் அது அவப்பெயர் சூட்டுவதாகவே முடியும்.

திண்டுக்கல் சமவெளியின் அண்மைக்காலத் துயரம் ஒன்று இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. தோல் ஷாப் என்று ஊரார் சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு அது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாமல் இருக்க உப்பில் புதைந்துதான் ஆலைக்கு வருகின்றன. ஊறவைத்து அலசும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறி நிலத்தில் இறங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பைக் குறிப்பிடுகிறது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

இந்தக் கிணறுகளில் ஒன்றைப் படம் எடுத்தால் என்ன விழும்? கல் கட்டுமானம், துரு ஏறிய உருளை, அடியில் வானத்தைக் காட்டும் தண்ணீர். பார்ப்பதற்கு அழகாகக்கூட இருக்கும். உப்பு படத்தில் விழாது. வரப்பில் பூத்த வெள்ளைப் படிவையும் சிறுத்துப்போன தேங்காயையும் காட்டலாம். அவை என்ன என்று சொல்ல ஒரு விவசாயி பக்கத்தில் வேண்டும். மனத்தை உலுக்கும் காட்சியைத் தேடி இந்தச் சமவெளிக்கு வரும் பயணி இந்தக் கிணற்றைத் தாண்டிப் போய்விடுவார். அவர் அலகு குத்தியவரையும், மாடு முட்டிச் சாய்ந்தவரையும், தீச்சட்டி ஏந்தியவரையும் எடுப்பார். கிராமம் கிராமமாகப் போய்க் கிணறுகளை எண்ணியவர்களுக்கு அப்படியொரு காட்சி கிடைக்கவில்லை. ஆனால் நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது அவர்கள் எண்ணிய எண்ணிக்கைதான். உலுக்கும் தன்மையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டு அலையும் கேமரா, மெதுவாக நிகழும் கொடுமைகளை எப்போதும் தவறவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆளையும் சூழலையும் விட்டுவிடாமல் படம் எடுக்க முடியும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற ஊரக ஆவணக் களஞ்சியத்தில், ஒவ்வொரு மாவட்டத்து முகங்களையும் சேகரிக்கும் பகுதியில், படத்தின் கீழ் அவரவர் பெயரும் ஊரும் தொழிலும் இருக்கின்றன. அதில் பணியாற்றும் மதுரைக்காரர் எம். பழனிக்குமார் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் மலக்குழியும் இருக்கிறது, வீடும் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் இருக்கிறது. இறந்தவரை ஒரு பிணமாக மட்டும் விட்டுவிடாத ஒளிப்படம் அது. ஹூப்பரின் தகடுகளோடு இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

பெயர் போடுவதற்கும் வரம்பு உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் சட்டம் பேசாத இடத்திலும் அவர்கள் பேச இடம் கொடுக்க வேண்டும். திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் கேமராவைத் தூக்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “எடுத்து எதுல போடுவீங்க தம்பி?” என்பதுதான். நியாயமான கேள்வி. தாது வருஷத்தில் அதைக் கேட்கத் தெம்பு இருந்தவர்கள் ஹூப்பரின் கேமராவுக்கு முன்னால் வந்திருக்க மாட்டார்கள். இன்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாத பயணி அந்தப் படத்தை எடுக்காமல் விடுவதே முறை.

நம் ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது ஹூப்பரின் படத்தை அலங்காரமாக ஒட்டுவதை நிறுத்துங்கள். அச்சிட்டே ஆக வேண்டுமானால், எடுத்தவர் யார், எந்த முறையில், யாருக்காக எடுத்தார் என்பதையும், அந்த ஆண்டில் நிவாரண வேலைக்கு வந்தவர் பெற்ற படி எவ்வளவு என்பதையும் அதன் கீழேயே அச்சிடுங்கள்.