படகை இழந்த போட் மெயில்



சென்னையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் இரவு ரயிலை 'போட் மெயில்' என்றே நாம் அழைத்து வருகிறோம். ரயிலுக்குப் படகின் பெயர் வந்தது எவ்வாறு என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடை கூறத் தெரிந்தவர்கள் நம்மில் குறைந்து வருகின்றனர். ஆகவே அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறோம்.

முற்காலத்தில் இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினர். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் வரை 1902-ல் இருப்புப்பாதை வந்தது. அதற்கப்பால் கடல். அக்கடலின் மீது 1911-ல் தொடங்கிய பாம்பன் பாலப் பணி நிறைவெய்தி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிட இருபுறமும் மேலெழும்பித் திறந்தது.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேஸ்வரத்திற்கும், மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டிறங்கியோர் கப்பலேறி, சுமார் 35 கிலோமீட்டர் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கினர். அங்கே கொழும்பு செல்லும் ரயில் காத்திருந்தது. கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வணிகம் நாடிச் சென்ற நம் முன்னோர்க்கும், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர்க்கும் இதுவே வழி.

மேதகு அப்துல் கலாம் அவர்களின் இளமையும் இப்பாதையோடு பிணைந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது இராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டதால், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துச் சேர்க்கும் பணியே தாம் பெற்ற முதல் ஊதியத்திற்குக் காரணம் என அவர்கள் நினைவுகூர்ந்துள்ளார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலைப் பேரலை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் துறையும் அழிந்தன. பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் அமைக்கப்படவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களில் நின்றது.

அகலப்பாதையாக்கும் பணி முடிந்து 2007-ல் இராமேஸ்வரத்திற்கு ரயில் மீண்டும் ஓடியது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னார் வரையிலான பாதையும் போரினால் 1990-ல் நின்று, 2015-ல் புத்துயிர் பெற்றது. இரு கரையிலும் இன்று ரயில் உண்டு; இடையே படகுதான் இல்லை.

தனுஷ்கோடி மணலில் நிற்கும் சிதைந்த சுவர்களைக் கண்டு படமெடுத்துத் திரும்புவோர் பலர். அவ்விரவில் ரயிலில் இருந்தோர் வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் அல்லர். வீடு திரும்பவும் பிழைப்புத் தேடவும் சென்ற எளிய மக்கள். அவர்களுள் பலருக்கு அடக்கத்தலமும் இல்லை. நம் இல்லங்களில் அவ்வழியே பயணம் செய்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் கூறுவதைக் கேட்டு எழுதி வைப்போமாக! பெயர் மட்டும் எஞ்சி, பொருள் மறைந்து போக நாம் காரணமாகிவிட வேண்டாம்.