நுவரெலியா

நுவரெலியா, இலங்கையின் மத்திய மாகாணத்தில் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள மலைநகரம். அதே பெயர் கொண்ட மாவட்டத்தின் தலைநகரும் இதுவே. நகரின் வடக்கே நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால (2,524 மீட்டர்) காடு போர்த்தி நிற்கிறது. தெற்குப் புறத்தில் கிரகரி வாவி. இரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில்தான் கடைத்தெரு, பூங்கா, குதிரைப் பந்தயத் திடல், ஓட்டல்கள் எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன.

நகரம் பழமையானதன்று. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கான இடமாக இதை வளர்த்தார். அவர் கட்டிய மாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1840களின் இறுதியில் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர் ஆங்கிலநாட்டு மாடுகளையும் மரக்கறி விதைகளையும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்றவர் இவரே. கரட், லீக்ஸ், பீட்ரூட் என்று இன்று கொழும்புச் சந்தைக்கு இறங்கும் லொறிகளுக்குத் தொடக்கம் அந்தக் காலத்தில்தான். 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் திடல், 1894இல் செங்கல் தபாலகம் என ஒவ்வொன்றாக வந்து, ஊர் ஆங்கிலக் கிராமத்தின் வேடம் பூண்டது. அந்த வேடத்தைப் பார்க்கவே பலரும் வருகிறார்கள்.

வாவியும் மனிதர் கையால் ஆனதே. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து உண்டாக்கப்பட்டது; பரப்பு ஏறத்தாழ 91 ஹெக்டேயர். படகுச் சவாரி, குதிரைச் சவாரி, கரையோர நடைபாதை எல்லாம் உண்டு. விடுமுறை நாள்களில் சனக்கூட்டமும் மோட்டார்ப் படகுகளின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். வாவிக்கென ஒரு காலைப்பொழுது போதும். எஞ்சிய நேரத்தைக் காட்டுக்குக் கொடுப்பதே நல்லது.

அந்தக் காடு தப்பிப் பிழைத்ததற்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கோப்பிக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த வேளையில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாதென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அறிவுரை கூறினார். 1873இல் அதற்கான ஆணை பிறந்தது. வாவி வெட்டிய ஆட்சி செய்த இந்த இரண்டாவது காரியத்துக்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஆனால் உயர்மலைக் காடு இன்றளவும் எஞ்சியிருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பாசி படிந்து குட்டையாக வளரும் இம்மரங்கள், தவழ்ந்து வரும் முகிலிலிருந்தே நீரைப் பிடித்து மண்ணுக்கு இறக்குகின்றன.

காட்டைக் காண மூன்று இடங்கள் உண்டு. நகரின் விளிம்பிலேயே உள்ள கல்வேஸ் லேண்ட் 2006இல் தேசிய பூங்காவானது. சிறியது, பறவைகளுக்குப் பேர்போனது. குளிர்காலத்தில் காஷ்மீர ஈப்பிடிப்பான் வலசை வரும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பறவையைக் கடைத்தெருவை ஒட்டிய விக்டோரியா பூங்காவிலும் காணலாம். விலையுயர்ந்த கமராக்களோடு வருபவர்கள் அங்கே பூப்பாத்திகளைத் திரும்பியும் பாராமல், அழுக்கோடும் கால்வாய் ஓரத்தில் காத்துக் கிடப்பார்கள்! தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஹக்கல தாவரவியல் பூங்கா. சின்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்டது. அதன் முதுகுப்புறத்து மலைக்காடு கடும் பாதுகாப்புக்குரியது. சுற்றுலாப் பயணிகள் உள்ளே செல்ல முடியாது.

மூன்றாவதான ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு முழுக்காலை வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் புல்வெளியும் காடும் மாறி மாறி விரியும் இந்நிலம் 1988 முதல் தேசிய பூங்கா; 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் செல்கிறது. மரைகள் கூட்டமாக மேயும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறை 800 மீட்டருக்கும் மேல் சரிகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் விடியுமுன்பே நுவரெலியாவிலிருந்து புறப்பட வேண்டும். வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை அகற்றிவிடுவார்கள்.

காடுகளைக் காத்த அந்த 1873 ஆணை எட்டாத சரிவுகளில் கோப்பி நோயால் அழிய, தேயிலை பரந்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பு அது. மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களின் வழிவந்த மலையகத் தமிழரே. கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்கும் பயணி, அதே தோட்டத்தில் தொழிலாளர் வசிக்கும் லயங்களையும் ஒரு பார்வை பார்த்தால் நகரின் வரலாறு இன்னும் தெளிவாகும். ஹக்கல செல்லும் வழியில் சீதா எலியவில் ஓடைக்கரையில் உள்ள சீதை அம்மன் கோவிலை, இராமாயணத்து அசோகவனம் இருந்த இடமாக நம்பி இந்தியாவிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள்.

ஏப்ரல் புத்தாண்டுக் காலமே இங்கு 'சீசன்': குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, இரட்டிப்பு வாடகை. அமைதி விரும்புவோருக்குப் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், இரவில் மட்டும் கம்பளி போதாது. ஜூன், ஜூலையில் மழை விடாது. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக பஸ் வருகிறது. ரயிலில் வருவோர் நானுஓயாவில் இறங்கி, எஞ்சிய ஏழு கிலோமீட்டரளவு தொலைவை பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ கடக்க வேண்டும். முன்பு நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது; 1940களில் அது மூடப்பட்டுவிட்டது.