வீட்டுக்கு வீடு நடந்த யுத்தம்



2025 மார்ச் மாதம் அல்பிரட் சூறாவளி பலம் குன்றிக் கரை கடந்தபோது, பிரிஸ்பேனில் எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. 1974ஆம் ஆண்டுக்குப் பின் ஒரே நாளில் அவ்வளவு மழையை இந்த நகரம் கண்டதில்லை. மழை விட்டு ஒரு வாரம் கழித்து வளவைத் துப்புரவாக்கப் போனேன். 2007இல், வரட்சிக் காலத்தில் பூட்டிய மழைநீர்த் தாங்கியின் வாயில் வலை கிழிந்திருந்தது. ரோச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் நிறைய நுளம்புக் குடம்பிகள். கிழிசலோ புயலில் வந்ததல்ல. ஓரமெல்லாம் துருவேறிப் பல வருடப் பழசாக இருந்தது.

எனக்குத் திக்கென்றது. 2011 வெள்ளத்துக்குப் பின் என் மனைவிக்கு றோஸ் றிவர் காய்ச்சல் வந்தது. நுளம்பு பரப்பும் இந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, தனி மருந்தும் இல்லை. மூன்று மாதம் அவரால் தேநீர்க் கோப்பையைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அப்போது நான் ஆற்றைக் குறை சொன்னேன், அதிகாரிகளைக் குறை சொன்னேன். என் வீட்டுத் தாங்கியை எட்டிப் பார்க்கவில்லை. எந்த நுளம்பு கடித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. இந்த ஊரின் நுளம்பு வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த நோய் யானைக்கால். அதை உண்டாக்கும் புழுவின் விஞ்ஞானப் பெயரில் ஒரு பிரிஸ்பேன் வைத்தியரின் பெயர் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. வூச்சரேரியா பான்குரொப்டி என்பது அதன் பெயர். 1876இல் வளர்ந்த புழுவை முதலில் கண்டவர் இங்கே வைத்தியம் பார்த்த ஜோசப் பான்குரொப்ட். அடுத்த ஆண்டு, சீனாவின் அமோய் நகரில் பணியாற்றிய பற்றிக் மான்சன், நுளம்பின் உடலில் இப்புழு வளர்வதைக் கண்டார். ஆனால் நுளம்பு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் நோய் வருகிறது என்று அவர் எண்ணினார். ஜோசப்பின் மகன் தோமஸ் பான்குரொப்ட் இங்கிருந்து நுளம்புகளை லண்டனுக்கு அனுப்பினார். 1900இல் அவற்றை ஆராய்ந்த ஜோர்ஜ் லோ, நுளம்பின் ஊசிவாய்க்குள்ளேயே புழு இருப்பதைக் கண்டார். நோய் கடியால் வருகிறது என்பது அப்படித் தெளிவாயிற்று.

தோமஸ் அத்துடன் நிற்கவில்லை. 1904–05இல் குயின்ஸ்லாந்தை டெங்கு வாட்டியது. பகலில் கடிக்கும் வீட்டு நுளம்பான ஏடிஸ் எஜிப்தியே இதைப் பரப்புகிறது என்று 1906இல் அவர் எழுதினார். பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள்.

அந்த நுளம்பு சதுப்பு நிலத்தை நாடுவதில்லை. தாங்கி, பீப்பாய், வாளி, பூச்சாடித் தட்டு, இலை அடைத்த பீலி போன்ற மனிதன் வைத்த பாத்திரங்களே அதற்கு வீடு. ஆகவே யுத்தமும் வீட்டுக்கு வீடு நடந்தது. பரிசோதகர்கள் வளவு வளவாக ஏறி இறங்கினார்கள். தாங்கிகளுக்கு வலை கட்டாயமாயிற்று. குழாய்நீர் வந்ததும் பழுதான தாங்கிகள் அகற்றப்பட்டன. 1950களின் இறுதிக்குள் ஏடிஸ் எஜிப்தி பிரிஸ்பேனிலிருந்து மறைந்துவிட்டது. வட குயின்ஸ்லாந்தில் அது இன்றும் உண்டு.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. 2000களின் வரட்சியில் தாங்கிகள் மீண்டும் வந்தன. அது நல்ல காரியம்தான். ஆனால் வலையைப் பார்க்கும் பழக்கம் தாங்கியுடன் திரும்பி வரவில்லை. அதற்கு நானே சாட்சி.

புயலுக்குப் பின் உப்புச் சதுப்புகளுக்கு ஹெலிகொப்டரில் மருந்து தெளிக்கிறார்கள். அங்கே பெருகும் நுளம்பு பல கிலோமீற்றர் பறந்து வரும். எங்கள் வளவில் பிறப்பதோ பெரும்பாலும் எங்களையும் பக்கத்து வீட்டாரையுமே கடிக்கும். பூச்சாடிக்குக் கீழே இருக்கும் தட்டு ஹெலிகொப்டருக்குத் தெரியாது.

நான் கணக்காளன். மாதக் கணக்கை ஆண்டு முடிவில் பார்த்தால் என்ன நடக்கும் என்று அறிவேன். நுளம்புக் கணக்கு வாரக் கணக்கு. வெப்பகாலத்தில் முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் இன முட்டைகள் சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். புயலுக்குப் பின் கூரையில் விரித்த தார்ப்பாயின் மடிப்புகளையும் பழைய ரயர்களையும் மறக்க வேண்டாம். தாங்கி வலையின் கண் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது.

எங்கள் தாங்கிக்குப் புது வலை போட்டாயிற்று. ஞாயிறு காலையில் நான் ஏணியில் ஏறும்போது கீழே அதைப் பிடித்துக்கொள்பவர் என் மனைவி. "பதினாலு வருசம் பிந்திப் பார்க்கிறியள்" என்கிறார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இன்று மாலை உங்கள் வளவையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். அடுத்த உரையில் சந்திப்போம்.