துறைமுக மண்ணும் மூன்றாவது நம்பிக்கையும்

இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணியின் வரலாற்றைக் கொழும்பிலிருந்து நோக்குவோர்க்கு அது வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே தோன்றும். அதனையே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து நோக்குவோர்க்கு வேறொரு தோற்றம் புலப்படும். அந்த அணி உயர்ந்து நின்ற இரு வேளைகளிலும் அம்மாவட்டம் துயரில் ஆழ்ந்திருந்தது. 2023இன் பின் புதிய நிருவாகத்தின்கீழ் அணி மீண்டும் எழ முற்பட்டபோது, அங்குள்ள இரசிகர்கள் கொண்ட நம்பிக்கையில் சிறிது அச்சமும் கலந்திருந்ததற்குக் காரணம் இதுவே.

இவ்விளையாட்டை இத்தீவில் பரப்பியவர்கள் பிரித்தானியப் படையினர் ஆவர். 1795இல் திருகோணமலைக் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இது, பிற்காலத்தில் அவர்தம் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளமாக விளங்கியது. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. 1957 ஒக்டோபர் மாதத்தில் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. அந்நியரின் கப்பல்கள் நங்கூரம் தூக்கிச் சென்றன. அவர்கள் உதைத்த பந்தோ இங்கேயே தங்கிவிட்டது. ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும், கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களின் மணற்றிடல்களிலும் அது உருண்டது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் பாதிக்கு மேற்படாத இம்மாவட்டத்தில், மூவர்க்கும் பொதுவான பொழுதுபோக்குகளுள் உதைபந்தாட்டமும் ஒன்றாயிற்று.

நாடளாவிய நிருவாகமும் அக்காலத்திலேயே உருப்பெற்றது. 1939இல் தேசியச் சம்மேளனம் தோன்றியது. 1952இல் அது பீஃபா எனப்படும் உலகச் சம்மேளனத்திலும், 1954இல் ஆசியக் கூட்டமைப்பிலும் அங்கம் பெற்றது. ஆசியாவிற் பல நாடுகள் கால்பதிக்கும் முன்னரே இலங்கை அரங்கேறிவிட்டது. ஆயினும் பெருவெற்றி கிட்ட நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வெற்றி 1995இல் வந்தது. கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை அணி இந்தியாவை 1-0 என்ற கோல் கணக்கில் வென்றது. அவ்வேளை நாட்டில் போர்நிறுத்தம் நிலவியது. வெற்றி மகிழ்ச்சி அடங்குவதற்குள், ஏப்ரல் 19ஆந் தேதி, திருகோணமலைத் துறைமுகத்தில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் இரு கடற்படைக் கலங்கள் மூழ்கின. மூன்று மாதப் போர்நிறுத்தம் அன்றே முடிவுற்றது. கிண்ணம் கொழும்பிலே பளபளத்தது. துறைமுக நகரத்து மைதானங்களிலோ மாலைப்பொழுதுகள் வெறிச்சோடின. ஊரடங்கும் சோதனைச்சாவடியும் நிலைத்த மண்ணில் அந்தி ஆட்டம் எவ்வாறு நிலைக்கும்?

அணி ஈட்டிய பெருமையின் பயன் சில ஆண்டுகளே நீடித்தது. 1998 ஓகஸ்ட் மாதத்தில் உலகத் தரவரிசையில் 122ஆம் இடத்தை எட்டியது. அதனினும் உயர்ந்த இடத்தை அதன்பின் அடையவில்லை. வெற்றி பெற்ற தலைமுறை ஓய்ந்தபோது, அதன் இடத்தை நிரப்பக்கூடிய இளையோரை வளர்க்கும் ஏற்பாடு நாடெங்கும் இருக்கவில்லை. வடக்கும் கிழக்கும் போரில் அகப்பட்டிருந்தமையால், திறமையின் ஊற்றுகளிற் பாதி அடைபட்டே கிடந்தது.

இரண்டாவது உயர்வு 2006இல் நேர்ந்தது. 2004 திசெம்பர் 26ஆந் தேதிய ஆழிப்பேரலையின் அழிவிலிருந்து கிழக்குக் கரை இன்னும் முழுமையாக எழாத காலம் அது. அவ்வாண்டு ஏப்ரலில் வங்காளதேசத்தில் நடைபெற்ற முதலாவது ஆசிய சவால் கிண்ணப் போட்டியில் இலங்கை இறுதிச் சுற்றுவரை முன்னேறி, அங்கே தஜிகிஸ்தானிடம் 0-4 எனத் தோற்றது. கிண்ணம் கைதவறினும் அஃது அரிய சாதனையே. ஆனால் அதே ஏப்ரல் மாதத்தின் 12ஆம் நாள் திருகோணமலைச் சந்தையிற் குண்டு வெடித்தது; தொடர்ந்து எழுந்த கலவரத்தில் உயிர்கள் மாய்ந்தன, கடைகளும் வீடுகளும் எரிந்தன. சூலை மாதத்தில் மாவிலாற்று அணைக்கட்டை முன்னிட்டுப் போர் மூண்டது. ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். அணியின் இரண்டாவது வசந்தமும் இம்மாவட்டத்திற்கு வசந்தமாக அமையவில்லை.

2009இல் போர் ஓய்ந்தது. இனி எல்லாம் சீராகும் என்று விளையாட்டு அன்பர்கள் எண்ணினர். எதிர்பார்த்ததற்கு மாறாக, அமைதிக் காலத்திலேதான் அணி மிகத் தாழ்ந்தது. 2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் முதற் சுற்றில் மக்காவோவிடம் 0-1 எனத் தோற்றது. அவ்வாண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின், மக்காவோ இரண்டாவது ஆட்டத்திற்குக் கொழும்புக்கு வர மறுத்தமையால், பந்தை உதைக்காமலே இலங்கை அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே ஆடிய ஆட்டம் அனைத்திலும் தோல்வியே கண்டது. தென் கொரியாவிடம் பெற்ற தோல்வி 0-8. தரவரிசையில் 200ஆம் இடத்திற்கும் கீழே சரிந்தது.

அதனினும் பெரிய இழுக்கு மைதானத்துக்கு வெளியே நேர்ந்தது. 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் சம்மேளனங்கள்மீது அமைச்சருக்குப் பரந்த அதிகாரம் வழங்கியிருந்தது. உறுப்புச் சம்மேளனங்கள் அரசின் தலையீடின்றி இயங்க வேண்டும் என்பதோ பீஃபாவின் விதி. இவ்விரண்டும் மோதியதன் விளைவாக, 2023 சனவரி 21ஆந் தேதி இலங்கைச் சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டது. அவ்வாண்டு பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியச் சம்பியன் போட்டியில் இலங்கை கலந்துகொள்ள இயலவில்லை. முன்னர் போரின்மேற் பழி சுமத்த முடிந்தது. இம்முறை பழிசுமக்க வேறெவரும் இல்லை. இது நிருவாகத்தின் குறையே.

ஓகஸ்ட் மாத இறுதியில் தடை நீங்கியது. செப்டெம்பர் மாதத் தேர்தலில் ஜஸ்வர் உமர் தலைவராகத் தெரிவானார். 2024இல், முன்னர் நேபாள அணியைத் தெற்காசிய இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்ற குவைத் நாட்டவராகிய அப்துல்லா அல்முத்தைரி பயிற்றுநரானார். ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி இளைஞர் பலர் அணியிற் சேர்ந்தனர். 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் இரு ஆட்டங்களும் சமநிலையில் முடிய, பெனல்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றினுள் இலங்கை நுழைந்தது. 2025 மார்ச்சில் தாய்லாந்து மண்ணில் 0-1 என மயிரிழையிலேயே தோற்றது. சூன் மாதத்தில் சீனத் தாய்ப்பேயைக் கொழும்பில் 3-1 என வென்றது.

வெளிநாட்டில் வளர்ந்த வீரர்களைக் குறித்து இருவகைக் கருத்து எழுந்தது. இரவல் இறகால் பறத்தல் நிலைக்குமோ என்று சிலர் வினவினர். அவ்வினாவிற் பொருளுண்டு. ஆனால் அவ்வீரர்கள் இத்தீவை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுள் தமிழ்ப் பெயர் தாங்கியோரும் உளர். ஊரைப் பிரிந்தவர்களின் மக்கள் நாட்டின் சீருடை அணிந்து திரும்பி வருவது, பிரிவின் துயரறிந்த துறைமுக மக்களுக்கு இரவலாகத் தோன்றவில்லை. வந்து சேரவேண்டிய கடன் வந்து சேர்ந்ததாகவே தோன்றியது.

எனினும் வந்தவர்கள் கூரையை உயர்த்தலாம். அத்திவாரம் உள்ளூரிலேதான் இடப்படல் வேண்டும். இதற்கு ஐஸ்லாந்து நல்ல சான்று. 2016இல் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,30,000. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,80,000. இம்மாவட்டத்தினுஞ் சிறிய அந்நாடு, 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என வென்று காலிறுதியை எட்டியது. 2018இல் உலகக் கிண்ணத்திலும் ஆடியது. பனிக்காலத்திலும் ஆடத்தக்க உள்ளரங்குகளை அது கட்டியது. சிறுவர்க்குங்கூடத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களையே அமர்த்தியது. அதன் எழுச்சிக்குப் பின்னால் நின்றது ஒரே ஒரு தலைவரோ ஒரே ஒரு பயிற்றுநரோ அல்லர். ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடந்த ஒழுங்கான வேலையே.

திருகோணமலைக்கு உள்ளரங்கு வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காய்கின்ற ஊர் அது. வேண்டுவன சிலவே: தவறாமல் நடைபெறும் மாவட்டப் போட்டிகள், பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற பயிற்றுநர்கள், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பிலிருந்து வந்து வீரர்களைத் தேடும் தெரிவாளர்கள், ஒளிவுமறைவற்ற கணக்கு. கிண்ணியாவில் வெறுங்காலோடு பந்துதைக்கும் சிறுவன் ஒருவனுக்குத் தேசிய அணிக்குச் செல்லும் வழி தெளிவாகத் தெரியுமானால், புதிய நிருவாகம் தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளலாம்.

1995இல் முளைத்த நம்பிக்கையையும் 2006இல் முளைத்த நம்பிக்கையையும் போர் சூழ்ந்தது. 2023இன் பின் முளைத்த மூன்றாவது நம்பிக்கையே அமைதியின் நிழலில் முளைத்த முதல் நம்பிக்கை. அது வாடுமானால் விதியை நோவதற்கு இடமில்லை. நீரூற்றாதவர்களையே வரலாறு கேட்கும். அது தழைக்குமானால், என்றேனும் ஒருநாள் கொழும்பில் எழும் வெற்றி முழக்கத்தைத் துறைமுக நகரமும் நிம்மதியாக இருந்து கேட்கும். அம்மக்கள் நெடுங்காலமாக விரும்பியது கிண்ணத்தை மட்டுமன்று. அதனை அமைதியோடு கொண்டாடும் ஒரு மாலைப்பொழுதையுமே.