அருணாவின் கட்டில்

அருணா ஷான்பாக் என்று தேடினால் முதலில் வருவது கருணைக்கொலை. 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சட்ட மாணவர்களுக்குப் பாடம். நான் அவர் கதையை அங்கிருந்து படிப்பதில்லை. ஒரு நர்ஸின் ஷிஃப்ட் முடிகிற நேரத்திலிருந்து படிக்கிறேன்.

1973 நவம்பர் 27, மும்பை கே.இ.எம். மருத்துவமனை. கர்நாடகத்தின் ஹல்திபூரிலிருந்து வந்த 25 வயது அருணா, வேலை முடிந்து உடை மாற்ற அடித்தளத்துக்குப் போனார். அதே ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி, பாலியல் வன்முறை செய்தான். மறுநாள் காலை 7.45 மணிக்குத்தான் ஒருவர் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க ரத்தத்தில் கிடந்திருக்கிறார். ஆக்ஸிஜன் போகாமல் மூளை சிதைந்திருந்தது. குற்றவாளிக்குக் கொலை முயற்சி, கொள்ளை என்று ஏழு வருஷம். பாலியல் குற்றம் வழக்கிலேயே இல்லை.

மும்பை நர்ஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாதுகாப்பு கேட்டார்கள். பிறகு 1980களில், கட்டிலைக் காலி செய்ய மாநகராட்சி அருணாவை வெளியேற்றப் பார்த்தபோது, மறுபடியும் அவர்கள்தான் எதிர்த்து நின்றார்கள். மாநகராட்சி பின்வாங்கியது. நான்காம் வார்டை ஒட்டிய சின்ன அறையில் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போக, அடுத்த தலைமுறை பொறுப்பேற்றது. எழுத்தாளர் பிங்கி விரானியின் கருணைக்கொலை மனுவை நிராகரித்த நீதிமன்றம், அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை கே.இ.எம். ஊழியர்களுக்கே என்றது. 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா இறந்தார்.

இந்தப் பராமரிப்பைச் சேவை, தியாகம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். இதமான சொற்கள்தான். ஆனால் அவை பூட்டு, வெளிச்சம், காவலாளி எதையும் கேட்பதில்லை. நர்ஸ்கள் தெருவில் நின்று கேட்டது அதைத்தானே? அவர்களுடைய அன்பை ஞாபகம் வைத்துக்கொண்டோம், கோரிக்கையை விட்டுவிட்டோம்.

2024 ஆகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை. தொடர் பணிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் கண்ணயர்ந்த இளம் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று அந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத்தில் அருணாவின் பெயர் மறுபடி ஒலித்தது. மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்புக்காக தேசியக் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. அந்தக் குழு பரிசீலிக்க வேண்டியவற்றில் ஒன்று: ஊழியர்கள் ஓய்வெடுக்க அறைகள்.