பாறையில் அமைந்த தோட்டம்: மார்வார் நிலமும் மண்ணுக்குரிய செடிகளும்

பாலைநிலத்தைப் பசுமையாக்குதல் நற்செயலே என்று கொள்வது பொதுவழக்கு. மார்வாரின் வரலாறு அவ்வழக்கை ஐயுறச் செய்கிறது. 1930களில் உமைத் சிங் ஆட்சியில் ஜோத்பூர் வட்டாரத்தில், அமெரிக்கக் கண்டத்துக்குரிய சீமைக்கருவேலம் பரப்பப்பட்டது. பசுமை வந்தது, மண்ணுக்குரிய செடிகள் இடமிழந்தன. அவ்வட்டார மக்கள் அதனைப் ‘பாவ்லியா’ என்பர்; ‘விலாயதி பபூல்’ என்பது அதன் இந்திப் பெயர். தமிழின் ‘சீமை’யும் இந்தியின் ‘விலாயதி’யும் அயன்மையை ஒன்றுபோலப் பதிந்திருப்பது நோக்கத்தக்கது.

மெகரான்கர் கோட்டையை அடுத்த ஏறத்தாழ 70 எக்டேர் பாறைநிலத்தை மீட்கும் பணி 2006இல் பிரதீப் கிருஷன் பொறுப்பில் தொடங்கியது. வெட்டினால் மீண்டும் தழைப்பது சீமைக்கருவேலம். ஆகவே பாறைப் பிளவுகளிலிருந்து வேரொடு பெயர்க்க வேண்டியிருந்தது. அதனை இயலச் செய்தோர் கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைக்கும் மரபினர். சுத்தியல் எழுப்பும் ஒலிகொண்டே கல்லின் இயல்பை அறிபவர்கள் அவர்கள். வேர் பெயர்த்த குழிகளிலேயே தோர் என்னும் கள்ளி முதலிய மண்ணுக்குரிய செடிகள் நடப்பட்டன. கோடையில் பழுப்பேறி நிற்கும் இத்தோட்டம் புல்வெளியை எதிர்பார்த்து வருவோர்க்கு ஏமாற்றமே தரும். அது தோட்டத்தின் குறையன்று.

இல்லத்தோட்டம் அமைப்போர்க்கு இச்செடிகள் புதியனவல்ல. மார்வார் அடுக்களையின் பஞ்ச்கூட்டா என்னும் கறியில் கேர்க் காயும் கும்தியா விதையும் கெஜ்ரி நெற்றும் சேர்கின்றன. 1730இல் கெஜ்ரலியில் விஷ்ணோய் மக்கள் உயிர்கொடுத்துக் காத்தது அக்கெஜ்ரியையே. விருத்தாசலத்தில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியும் அதே மரம்.